டெலஸ்கோப் கேமராவுக்கு எந்த ஃபில்டர் வாங்குறது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஃபில்டர் வாங்கப் போறவங்க முதல்ல ஒண்ணை மனசுல பதிய வச்சுக்கணும். எந்த ஃபில்டரும் வெளிச்சத்தைக் கூட்டித் தராது. அதுக்குத் தெரிஞ்ச வேலை கழிக்கிறது மட்டும்தான். ஒளியோட அலைநீளத்தை நானோமீட்டர்ல அளப்பாங்க. 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம்னு வச்சுக்கிட்டா அது மொத்தம் 300 நானோமீட்டர் அகலம், அதுல 3 நானோமீட்டர் அகலம் மட்டும் விடுற ஃபில்டர் ஒண்ணைப் போட்டீங்கன்னா நூத்துல ஒரு பங்கை மட்டும் உள்ள விட்டுட்டு மிச்சம் 99 பங்கையும் வெளியில தள்ளுதுன்னு அர்த்தம். அந்த 99 பங்குல நீங்க எடுக்க நினைச்ச பொருளோட வெளிச்சமும் போயிடுச்சுன்னா காசும் போச்சு ராத்திரியும் போச்சு. அதனால "எது நல்ல ஃபில்டர்"னு தேடாதீங்க, "நான் எடுக்கப் போறது எந்த வெளிச்சத்துல எரியுது, அதைக் கெடுக்குற வெளிச்சம் எது"ன்னு தேடுங்க. இது தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு பொங்கல் சீசன்ல. மழையெல்லாம் ஓய்ஞ்சு சென்னை வானம் தெளிஞ்ச நேரம், ரெண்டே ரெண்டு குறுகின நிறப் பட்டையை மட்டும் விடுற டூயல் பேண்ட் ஃபில்டர் ஒண்ணு புதுசா வாங்கியிருந்தேன், இருட்டுன உடனே ஆண்ட்ரோமிடா கேலக்ஸியைப் பிடிச்சு அது மேற்குல சாயுற வரைக்கும் நாலு நாள் மொட்டை மாடியில உக்காந்து எடுத்தேன். எல்லாப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்து ஸ்டாக் பண்ணிப் பார்த்தா கேலக்ஸி ஒரு மங்கலான சிவப்புக் கறை மாதிரி வந்துச்சு, நட்சத்திரங்கள்ல கலரே இல்ல. ஃபில்டர் மேல ஒரு குத்தமும் இல்ல, அது நெபுலாவுக்கு, அதாவது விண்வெளியில ஒளிர்ற வாயு மேகத்துக்குன்னு செஞ்ச பொருள். அடுத்த மாசம் அதே டெலஸ்கோப்பையும் கேமராவையும் தூக்கிக்கிட்டு காவலூர் பக்கம் ஜவ்வாது மலைக்குப் போயி புற ஊதாவையும் அகச்சிவப்பையும் மட்டும் வெட்டுற யுவி ஐஆர் கட் ஃபில்டர் மட்டும் போட்டு ஒன்றரை மணி நேரம் எடுத்தேன், கேலக்ஸியோட தூசிப் பட்டைகள் தனித்தனியா தெரிஞ்சுது. அந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த அன்னைக்குத்தான் இதெல்லாம் எனக்குப் புரிஞ்சுது.

எதைப் படம் எடுக்கப் போறீங்க?

வானத்துல ஒளி ரெண்டு விதமா வருது. நட்சத்திரம் மாதிரி சூடா இருக்குற பொருள் எல்லா நிறத்துலயும் தொடர்ச்சியா வெளிச்சம் விடும். கேலக்ஸிங்கிறது கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்தது, அதனால அதுவும் அப்படித்தான். நட்சத்திரக் கூட்டங்களும் அப்படித்தான். கார்த்திகைக் கூட்டத்தைச் சுத்தி நீலமா ஒரு புகை தெரியுமே, அது பக்கத்துல இருக்குற நட்சத்திர வெளிச்சம் தூசியில பட்டுத் தெறிக்கிறது, அதுவும் இதே வகைதான். இதையெல்லாம் பிராட்பேண்ட்னு சொல்றோம்.

இன்னொரு வகை, வாயு தானா ஒளிர்றது. பக்கத்துல இருக்குற சூடான நட்சத்திரத்தோட புற ஊதா ஒளி பட்டு ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் எல்லாம் தனக்குன்னு உள்ள ஒரு சில நிறத்துல மட்டும் ஒளிரும். ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர்ல அடர் சிவப்பு, இதைத்தான் எச்-ஆல்ஃபான்னு சொல்றது. ஆக்சிஜன் 495.9, 500.7 ரெண்டு இடத்துல, இது நீலப்பச்சை, பேரு ஓ-த்ரீ. கந்தகம் 671.6, 673.1 ரெண்டு இடத்துல, இதுவும் சிவப்புதான், எச்-ஆல்ஃபாவை விட இன்னும் ஆழமான சிவப்பு, பேரு எஸ்-டூ. ஓரியன்ல இருக்குற எம்42, தனுசுல இருக்குற லகூன், ரோசெட், தெற்கே தாழ்வா தெரியுற கரீனா எல்லாமே இந்த ஜாதி. குறுகின பட்டையை மட்டும் விடுற நேரோபேண்ட் ஃபில்டர் வேலை செய்யுறது இதுங்க கிட்ட மட்டும்தான்.

ஒரு நோட்டை எடுத்து அடுத்த ஆறு மாசத்துல நீங்க எடுக்க ஆசைப்படுற பத்துப் பொருளை எழுதுங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அது பிராட்பேண்டா நேரோபேண்டான்னு குறிச்சுக்கோங்க. பத்துல எட்டு கேலக்ஸின்னு வந்துச்சுன்னா நேரோபேண்ட் ஃபில்டர் பத்தி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

கையில இருக்குற கேமரா என்ன

கலர் கேமராக்குள்ள ஏற்கனவே ஃபில்டர் இருக்கு. சென்சார் மேல ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குட்டிக் கலர் கண்ணாடி ஒட்டியிருக்கும், நாலு பிக்சல்ல ஒண்ணு சிவப்பு, ரெண்டு பச்சை, ஒண்ணு நீலம். இதை பேயர் மேட்ரிக்ஸ்னு சொல்வாங்க, கோடாக் கம்பெனியில வேலை பார்த்த பிரைஸ் பேயர் பேர்ல 1976ல பேடன்ட் ஆனது. இதோட விளைவு என்னன்னா எச்-ஆல்ஃபா வெளிச்சத்தை நாலு பிக்சல்ல ஒண்ணுதான் ஒழுங்கா வாங்கும், மிச்ச மூணும் சும்மா இருக்கும். மோனோ கேமராவுல இந்தக் கண்ணாடி கிடையாது, எல்லாப் பிக்சலும் வேலை செய்யும், ஆனா கலர் வேணும்னா நீங்களே ஒவ்வொரு ஃபில்டரா மாத்தி மாத்தி எடுத்து அப்புறம் சேர்க்கணும்.

புதுசா வர்றவங்களுக்கு என் கருத்து, முதல் ஒரு வருஷம் கலர் கேமராவே போதும். நம்ம ஊர்ல வானம் தெளிவா கிடைக்கிற ராத்திரியே கம்மி, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கொஞ்சம் ஒழுங்கா இருக்கும், அதுக்கப்புறம் மேகத்தோட மல்லுக்கட்டுதான். மோனோவுல எல் (மொத்த வெளிச்சம்), ஆர் (சிவப்பு), ஜி (பச்சை) எடுத்து முடிச்சு பி (நீலம்) எடுக்கப் போகும்போது மேகம் வந்துட்டா அன்னைக்கு உங்ககிட்ட கலர் படம் இல்ல. கலர் கேமராவுல 40 நிமிஷம் எடுத்தாலும் அந்த 40 நிமிஷத்துக்கு ஒரு முழுப்படம் இருக்கும்.

கலர் கேமரா வச்சிருக்கீங்களா, முதல்ல வாங்க வேண்டியது யுவி ஐஆர் கட். இதை நிறையப் பேர் விட்டுடறாங்க. ஆஸ்ட்ரோ கேமரா பலதுல சென்சாருக்கு முன்னாடி இருக்குறது வெறும் கண்ணாடி, அகச்சிவப்பை அது தடுக்காது. ஏஎஸ்ஐ533எம்சி ப்ரோ அப்படிப்பட்டதுதான். பேயர் கண்ணாடியில இருக்குற சிவப்பு, பச்சை, நீலச் சாயம் மூணுமே 800 நானோமீட்டருக்கு மேல கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுற மாதிரி ஆயிடும், அப்ப அகச்சிவப்பு மூணு நிறத்துலயும் சமமாப் பாயும், கலர் வெளுத்துப் போயிடும். லென்ஸ் டெலஸ்கோப்பா இருந்தா இன்னொரு கஷ்டமும் சேரும், புற ஊதாவும் அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியுற ஒளி ஃபோகஸ் ஆகுற இடத்துல ஃபோகஸ் ஆகாது, நட்சத்திரமெல்லாம் ஊதிப் போயி சுத்தி ஒரு வளையத்தோட நிக்கும். உங்க கேமரா மாடலோட விவரப் பக்கத்துல முன்கண்ணாடி என்னன்னு போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இந்த ஃபில்டர் கசிவுங்கிறது சின்ன விஷயம் இல்ல. 1861ல ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டன்ல ஒரு கட்டம் போட்ட ரிப்பனை சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஃபில்டர் வழியா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஒண்ணா திரையில போட்டுக் காமிச்சார், இன்னைக்கு வரைக்கும் நாம பண்ணுறது அதே வேலைதான். ஆனா அந்தக் காலத்து பிளேட்டுக்கு சிவப்பு ஒளியே தெரியாது, அப்புறம் எப்படி சிவப்புப் படம் வந்துச்சுன்னு ரொம்ப நாளா புதிர். 100 வருஷம் கழிச்சு 1961ல கோடாக் ஆராய்ச்சியாளர்கள் அதைத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. ரிப்பனோட சிவப்புச் சாயம் புற ஊதாவையும் பிரதிபலிச்சிருக்கு, சிவப்பு ஃபில்டர் அந்தப் புற ஊதாவைக் கசிய விட்டிருக்கு, பிளேட் வாங்கினது அதைத்தான். மேக்ஸ்வெல்லுக்குக் கசிவு கைகொடுத்துச்சு, நமக்கு அப்படி நடக்காது.

இதே காரணத்துக்காக இன்னொரு எச்சரிக்கை. ஐபீஸோட (கண்ணை வச்சுப் பார்க்குற லென்ஸ்) சேர்த்து ஒரு டப்பாவுல சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு கலர் ஃபில்டர் செட் விக்கிறாங்க, நம்பர் 25, நம்பர் 58, நம்பர் 80ஏன்னு போட்டிருக்கும். அது கண்ணால கிரகம் பார்க்குறதுக்கு. சாயம் போட்ட கண்ணாடி, அகச்சிவப்பை அப்படியே விடும். மோனோ கேமராவுக்கு ஆர்ஜிபி செட்டா அதைப் பயன்படுத்தலாம்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

டிஎஸ்எல்ஆர் வச்சிருக்குறவங்களுக்குக் கதை நேர்மாறு. அதுல கம்பெனியே போட்டு வர்ற ஃபில்டர் அகச்சிவப்போட சேர்த்து எச்-ஆல்ஃபாவையும் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தின்னுடும். சிவப்பு நெபுலாவெல்லாம் மங்கலா வர்றது அதனாலதான். கேனான் 60டிஏ, ஆர்ஏ, நிக்கான் டி810ஏ மாதிரி ஒரு சில மாடல் மட்டும் வானத்துக்குன்னே இதை மாத்தி வந்துச்சு. மத்த கேமராவுல அந்தக் கண்ணாடியைக் கழட்டி மாத்திக் கொடுக்குறவங்க இருக்காங்க, மாத்தாத கேமராவுல நேரோபேண்ட் ஃபில்டருக்குச் செலவு பண்ணுறது வீண். கேலக்ஸி, நட்சத்திரக் கூட்டம், எம்42 மாதிரி பிரகாசமான பொருள்னு மாத்தாத கேமராவுலயே ஒரு வருஷம் ஓட்டலாம், நல்லாவே வரும்.

உங்க வானத்தைக் கெடுக்குற விளக்கு எது

முன்னாடி தெருவுல மஞ்சளா சோடியம் விளக்கு எரிஞ்ச காலத்துல 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்'னு வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. சோடியம் 589 நானோமீட்டரை ஒட்டித்தான் பளிச்சுன்னு எரியும், பாதரச விளக்கு 435.8, 546.1னு சில இடத்துல மட்டும் எரியும், அந்த இடங்களை மட்டும் வெட்டிட்டா வானம் கறுப்பாகும், கேலக்ஸி வெளிச்சம் பெருமளவு தப்பிச்சுடும். இப்ப நம்ம தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. எல்இடியோட ஒளி 450 பக்கத்துல ஒரு நீல முகடு, அப்புறம் பச்சையில ஆரம்பிச்சு சிவப்பு வரைக்கும் அகலமான ஒரு மேடு. வெட்டுறதுக்குன்னு தனியா ஒரு இடமே இல்ல, நட்சத்திர வெளிச்சம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் எல்இடியும் இருக்கு.

அதனால எல்இடி ஊர்ல இருந்து கேலக்ஸி எடுக்க நினைக்கிறவங்களுக்கு நான் ஃபில்டர் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தக் காசை எடுத்து வச்சு அமாவாசையை ஒட்டி ஒரு இருட்டான இடத்துக்குப் போற பெட்ரோல் செலவுக்கு வச்சுக்கோங்க, காவலூர்ல வானியல் ஆய்வுக்கூடம் வந்ததே அந்த மலை இருட்டா இருந்ததாலதான். போக முடியலையா, மாடியிலயே யுவி ஐஆர் கட் மட்டும் போட்டு 30, 60 செகண்ட்னு சின்னச் சின்ன எக்ஸ்போஷரா ரொம்ப நேரம் எடுங்க, நேரம் கூடக் கூட இரைச்சல் குறையும்.

நெபுலாவுக்கு நிலைமையே வேற. அது ஒளிர்ற இடம் மூணே மூணு குறுகின பட்டை, அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அடைச்சா எல்இடியும் அடைபடும், நிலா வெளிச்சமும் அடைபடும். கலர் கேமராவுக்கு இங்கதான் டூயல் பேண்ட் வருது. ஒரே கண்ணாடியில எச்-ஆல்ஃபாவும் ஓ-த்ரீயும் மட்டும் உள்ள வரும், எச்-ஆல்ஃபா சிவப்புப் பிக்சல்ல விழும், ஓ-த்ரீ பச்சை நீலம் ரெண்டுலயும் விழும், அப்புறம் சிரில் மாதிரி இலவச மென்பொருள்லயே ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு எடுக்கலாம், அதுக்குன்னே ஸ்கிரிப்ட் இருக்கு. ஆப்டோலாங்கோட எல்-எக்ஸ்ட்ரீம் 7 நானோமீட்டர், எல்-அல்டிமேட் 3 நானோமீட்டர், ஆன்ட்லியாவோட ஏஎல்பி-டி 5 நானோமீட்டர், இதெல்லாம் இந்த வகை. சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்ல மாடியில இருந்து எடுக்குற கலர் கேமராக்காரங்க யுவி ஐஆர் கட்டுக்கு அடுத்தபடியா ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னா அது டூயல் பேண்ட்தான், நான் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்றேன்.

டூயல் பேண்ட் போட்டா நட்சத்திரக் கலர் போயிடும்னு சொன்னேன்ல, அதுக்கு வழி, நெபுலாவை ஃபில்டரோட எடுத்து முடிச்சதும் யுவி ஐஆர் கட் மட்டும் போட்டு அரை மணி நேரம் சின்ன எக்ஸ்போஷரா எடுத்து வச்சுக்கோங்க, நட்சத்திரங்களை மட்டும் அதுல இருந்து எடுத்துச் சேர்க்கலாம். டூயல் பேண்டோட மேல யுவி ஐஆர் கட்டையும் அடுக்க வேண்டாம், பெரும்பாலான டூயல் பேண்ட் தானே அகச்சிவப்பை அடைச்சுடும், எந்த நிறத்தை எவ்வளவு விடும்னு கம்பெனி போடுற கிராஃப்ல பார்த்துக்கோங்க. ரெண்டு கண்ணாடி முகத்துக்கு முகம் இருந்தா நடுவுல பிரதிபலிப்பு வந்து பேய் மாதிரி வட்டம் விழும்.

எத்தனை நானோமீட்டர்

குறுகலா இருந்தா வானம் இன்னும் கறுப்பாகும், விலையும் ஏறும். 7 நானோமீட்டர் வானத்தோட வெளிச்சத்துல சுமார் நாப்பதுல ஒண்ணு விடும், 3 நானோமீட்டர் நூத்துல ஒண்ணு. நகரத்து நடுவுல இருக்குறவங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஊருக்கு வெளியில இருக்குறவங்களுக்கு 7 தாராளமா போதும். எச்-ஆல்ஃபாவுக்குப் பக்கத்துலயே 658.4ல நைட்ரஜன் கோடு ஒண்ணு இருக்கு, 7 அதையும் சேர்த்து வாங்கும், 3 வாங்காது. கிரக நெபுலா (சாகப் போற நட்சத்திரம் உதறின வாயு) சிலதுல நைட்ரஜன் பலமா இருக்கும், அதுக்கு 7 இருந்தா அந்த வெளிச்சமும் படத்துல வரும்.

ஆனா 3 வாங்குறதுக்கு முன்னாடி உங்க டெலஸ்கோப்போட எஃப் நம்பரை (குவிய தூரத்தை வாயோட விட்டத்தால வகுத்த எண்) பாருங்க, இதை யாரும் முதல்ல சொல்லித் தர்றது இல்ல. இந்த ஃபில்டரெல்லாம் கண்ணாடி மேல மெல்லிசா பல அடுக்கு பூசி, ஒளி அதுக்குள்ள முட்டி முட்டித் திரும்புறதை வச்சு நிறத்தைப் பிரிக்குது. ஒளி நேரா வந்தா ஒரு கணக்கு, சாய்வா வந்தா ஃபில்டர் உள்ள விடுற பட்டை, அதாவது அதோட ஜன்னல், நீலப் பக்கமா நகர்ந்துடும். எஃப்/7 லென்ஸ்ல சாய்வு கம்மி, கவலை இல்ல. எஃப்/4 நியூட்டோனியன்ல (குழியாடி வச்ச டெலஸ்கோப்) ஓரத்துல இருந்து வர்ற கதிருக்கு ஒரு நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேல நகரும், 3 நானோமீட்டர் ஃபில்டர்ல நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் ஒன்றரைதான் இருக்குங்குறப்ப அது விளிம்பைத் தொட்டுடும். படம் எடுக்கன்னே செஞ்ச எஃப்/2 ஆஸ்ட்ரோகிராஃப் டெலஸ்கோப்னா 4, 5 நானோமீட்டர் நகர்ந்துடும், அதாவது நெபுலா வெளிச்சத்துல பெரும்பங்கு சுவத்துல மோதி நின்னுடும். எஃப்/3க்குக் கீழ வச்சிருக்குறவங்க அதுக்குன்னு முன்கூட்டியே ஜன்னலை நகர்த்திச் செஞ்ச ஃபில்டர்தான் வாங்கணும், ஃபாஸ்ட் ஆப்டிக்ஸ்னு தனியா பேர் போட்டிருக்கும்.

சைஸ்

அளவு தப்பா வாங்கி மூலையெல்லாம் இருண்டு போன படத்தோட நிறையப் பேர் வருவாங்க. கணக்கு ரொம்ப சுலபம். சென்சாரோட மூலைவிட்ட அளவை எடுங்க, ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவுல உள்ள தூரத்தை எஃப் நம்பரால வகுங்க, ரெண்டையும் கூட்டுங்க. அந்த அளவுக்குக் குறையாம கண்ணாடி திறப்பு இருக்கணும்.

ஐஎம்எக்ஸ்533 சென்சாருக்கு மூலைவிட்டம் 16 மிமீ. ஃபில்டர் 20 மிமீ தூரத்துல, டெலஸ்கோப் எஃப்/5னா 20 வகுத்தல் 5, 4. மொத்தம் 20 மிமீ. 1.25 இன்ச் ஃபில்டரோட திறப்பு சுமார் 26, 27 மிமீ இருக்கும், தாராளம். ஐஎம்எக்ஸ்294க்கு 23 கூட்டல் 4, 27, 1.25 இன்ச் விளிம்புல நிக்கும், ஃபிரேம் இல்லாத 31 மிமீ எடுத்தா நிம்மதி. ஐஎம்எக்ஸ்571 ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 28.3 கூட்டல் 4, 32க்கு மேல, 36 மிமீ வேணும். ஃபுல் ஃபிரேம் ஐஎம்எக்ஸ்455ன்னா மூலைவிட்டமே 43.3, 2 இன்ச் மவுண்டட் ஃபில்டரும் பத்தாம இழுக்கும், 50 மிமீ வாங்குறதுதான் சரி.

கலர் கேமராக்காரங்க ஃபில்டர் டிராயர் (ஃபில்டரை இழுத்து மாத்துற தட்டு) ஒண்ணும் 2 இன்ச் ஃபில்டரும் வாங்கிடுங்கன்னு சொல்வேன், இன்னைக்குச் சின்ன சென்சார் இருந்தாலும் நாளைக்குக் கேமரா மாத்தும்போது ஃபில்டர் அப்படியே கூட வரும். மோனோக்காரங்களுக்கு ஏழு ஃபில்டரை 2 இன்ச்ல வாங்குற செலவு கட்டுப்படியாகாது, சென்சாருக்குத் தக்க அளவு வாங்குங்க.

மோனோவுக்குப் போறவங்க

மோனோவுக்கு வாங்குற வரிசை இப்படி வச்சுக்கோங்க. முதல்ல எல்ஆர்ஜிபி ஒரே கம்பெனி ஒரே செட்டா. தனித்தனியா வேற வேற இடத்துல வாங்கினா கண்ணாடி தடிமன் மாறும், ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஃபோகஸ் மாத்திக்கிட்டே இருக்கணும். நல்ல செட்டுல பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல சோடியம் இருக்குற இடத்தை ஒட்டி வேணும்னே ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க, அதேபோல 500 பக்கத்துல பச்சையும் நீலமும் கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், ஓ-த்ரீ ரெண்டுலயும் விழுந்தாதான் அந்த நீலப்பச்சை நிறம் இயல்பா வரும். கம்பெனி போடுற கிராஃப்ல இந்த ரெண்டையும் தேடிப் பாருங்க.

அடுத்து எச்-ஆல்ஃபா. பௌர்ணமியை ஒட்டின நாள்லயும் அதை வச்சு வேலை பார்க்கலாம், மாசத்துல வீணாப் போற பாதி ராத்திரி திரும்பக் கிடைக்கும். அதுக்கப்புறம் ஓ-த்ரீ, கடைசியா எஸ்-டூ. நிலா வெளிச்சம் வானத்துல சிதறும்போது நீலப் பக்கம்தான் அதிகம் சிதறும், அதனால ஓ-த்ரீயை அமாவாசைப் பக்கமும் எச்-ஆல்ஃபாவை நிலா இருக்குற நாளுக்கும் ஒதுக்குங்க. ஃபில்டரைச் சுழட்டி மாத்துற ஃபில்டர் வீல் வாங்கும்போது அஞ்சு குழி உள்ளதை வாங்கிடாதீங்க, எல்ஆர்ஜிபி நாலு, நேரோபேண்ட் மூணு, ஏழு ஆயிடுச்சு.

ஹப்பிள் கலர் வேணும்னு ஆசையோட வர்றவங்க ரொம்பப் பேர். 1995ல ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாவோட தூண்கள் படத்துல எஸ்-டூவை சிவப்புலயும் எச்-ஆல்ஃபாவைப் பச்சையிலயும் ஓ-த்ரீயை நீலத்துலயும் வச்சாங்க. கண்ணுக்குத் தெரியுற நிறம் அது இல்ல, எச்-ஆல்ஃபாவும் எஸ்-டூவும் ரெண்டுமே சிவப்பு, அப்படியே வச்சா ஒண்ணை ஒண்ணு பிரிச்சுப் பார்க்க முடியாதுங்குறதுக்காகச் செஞ்சது. இதை நீங்க சேர்த்துப் பார்த்த உடனே படம் பச்சையாத்தான் வரும், எச்-ஆல்ஃபா மத்த ரெண்டை விட அவ்வளவு பலம், பயப்படாதீங்க, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா இழுத்துச் சமன் பண்ணினப்புறம்தான் அந்தத் தங்க நிறம் வரும்.

கிரகம் எடுக்குறவங்களுக்கு 685 நானோமீட்டருக்கு மேல மட்டும் விடுற ஐஆர் பாஸ் ஒண்ணு உதவும், நீளமான அலைக்குக் காத்தோட நடுக்கம் கம்மியாத் தெரியும். வியாழனுக்கு 889 நானோமீட்டர் மீத்தேன் ஃபில்டர் இருக்கு, அது ரொம்ப மங்கல், பெரிய டெலஸ்கோப் இருந்தா பின்னாடி பார்த்துக்கலாம். இங்க சொன்ன எந்த ஃபில்டரையும் நம்பி டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பாதீங்க, எவ்வளவு குறுகலா இருந்தாலும் சரி. சூரியனுக்கு டெலஸ்கோப்போட வாயில, முன்னாடி கட்டுற தனி ஃபிலிம்தான்.

பார்சல் வந்தப்புறம்

முதல்ல கண்ணாடியைத் துடைக்காதீங்க. தூசி தெரிஞ்சா ரப்பர் புளோயர்ல ஊதுங்க போதும், பூச்சு மேல தூசியை வச்சுத் தேய்ச்சா கீறல் நிரந்தரம்.

ஃபில்டர் உள்ள போனா பேக் ஃபோகஸ், அதாவது சென்சார் இருக்க வேண்டிய தூரம், மாறும். கண்ணாடி தடிமன்ல சுமார் மூணுல ஒரு பங்கு தூரத்தைக் கூட்டணும், 2 மிமீ கண்ணாடின்னா 0.7 மிமீ. ஃப்ளாட்னருக்கு (மூலை வரைக்கும் நட்சத்திரத்தைச் சரியாக்குற லென்ஸ்) 55 மிமீ சொல்லியிருந்தா 55.7 வைங்க, மெல்லிசா ஸ்பேசர் ரிங் கிடைக்கும். மூலையில நட்சத்திரம் நீண்டு தெரியுதுன்னு டெலஸ்கோப்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைச் சரிபாருங்க.

அடுத்தது ஹாலோ சோதனை. பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் எடுங்க, சுத்தி வட்டமா ஒளி தெரியுதான்னு பாருங்க, ஓ-த்ரீயில இது அதிகம் வரும். ஃபில்டரைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை எடுங்க, எந்தப் பக்கம் டெலஸ்கோப்பைப் பார்க்கணும்னு சில கம்பெனி விளிம்புல குறிச்சிருப்பாங்க, சிலர் குறிக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் மோசம்னா திருப்பி அனுப்புற நாள் தாண்டுறதுக்குள்ள அனுப்பிடுங்க. இதுக்காகத்தான் மழைக்காலத்துல ஃபில்டர் வாங்காதீங்கன்னு சொல்றேன், வானம் திறக்குறதுக்குள்ள அந்த நாள் முடிஞ்சுடும்.

நம்ம கடலோர ஊர்ல ஈரப்பதம் பெரிய எதிரி. வேலை முடிஞ்சதும் காத்து புகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு வைங்க, ஜெல் நிறம் மாறினா சூடு காட்டி உலர்த்திக்கோங்க. குளிர்ந்த டெலஸ்கோப்பை வீட்டுக்குள்ள கொண்டு வந்த உடனே ஃபில்டரைக் கழட்டாதீங்க, பனி படியும், அரை மணி நேரம் விட்டுக் கழட்டுங்க.

முதல் ராத்திரிக்கு ஜனவரி, பிப்ரவரியில ரோசெட் நெபுலாவை எடுத்துக்கோங்க. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம், திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே. கண்ணுக்கு எதுவும் தெரியாது, மவுண்ட்டை நம்பி போங்க. டூயல் பேண்ட் போட்டு பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணுல ஃபோகஸ் பண்ணிட்டு அஞ்சு நிமிஷ எக்ஸ்போஷர் ஒண்ணு எடுத்து மங்கலானதும் தெரியுற மாதிரி ஸ்ட்ரெச் பண்ணிப் பாருங்க, நடுவுல ஓட்டையோட சிவப்பா ஒரு வளையம் முதல் பிரேம்லயே தெரியணும். தெரிஞ்சா அப்படியே ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க. முடிஞ்சதும் ஃபில்டரையும் கேமராவையும் அசைக்காம, டெலஸ்கோப் வாயில வெள்ளைத் துணி கட்டி அதே ஃபோகஸ்ல 20, 30 ஃப்ளாட்ஸ் (தூசி நிழலைக் கழிக்க எடுக்குற வெறும் வெள்ளைப் படம்) எடுங்க. ஃபில்டரைக் கழட்டினப்புறம் எடுத்த ஃப்ளாட்ஸ் அந்தப் படத்துக்கு ஆகாது, தூசி ஒவ்வொண்ணும் வேற இடத்துல உக்காந்திருக்கும்.